பிலிம் மிஷின் மக்கர் செய்தால்: பல்பு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் 35 மி.மீ. மிஷினை, அதாவது பிலிம் புரொஜெக்டரை, இன்னும் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் பழைய மிஷினை இரும்புக்கடைக்குப் போடாத தியேட்டர்காரர்கள், எப்போதாவது பிலிமில் படம் போட்டுக் காட்டும் திரைப்படச் சங்கங்கள், படப்பெட்டி சேர்க்கும் தனி ஆட்கள். இவர்கள் போன் செய்தால் முதல் கேள்வியே "அண்ணே, பல்பு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பல்பு நன்றாகவே இருக்கும். உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒரு கனெக்‌ஷன், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடி, சுற்றாமல் இறுகிப்போன ஒரு ரோலர் என்று காரணம் சின்னதாக இருக்கும்.

அதனால் குறையின் அடையாளத்தை வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடத்தையும் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தைத் தாண்டி நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

## அறையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில். மருந்துக்கடையில் கேட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுத்து நீட்டுவார்கள். அது வேண்டாம். சிலவற்றில் விளக்கெண்ணெய் போன்றவை சேர்த்திருப்பார்கள், காய்ந்த பிறகு மெல்லிய படலம் நிற்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சரியானது கிடைக்கும். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லி வாங்கலாம். தீப்பற்றக்கூடியது என்பதால் சூடான லாம்ப்ஹவுஸ் (பல்பு இருக்கும் பெட்டி) பக்கத்தில் திறக்கக் கூடாது.

கேட்டில் (ஒளி விழும் இடத்தில் பிலிம் ஊர்ந்து போகும் தடம்) ஒட்டியதைச் சுரண்ட மூங்கில் குச்சி அல்லது ஐஸ் குச்சி. எஃகு ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை சுரண்டினால் விழும் கீறல், அதற்குப் பிறகு ஓடும் எல்லாப் பிரிண்டிலும் கோடு போடும். பழைய டூத்பிரஷ், ரப்பர் ப்ளோயர், லென்ஸ் துணி, பருத்திக் கையுறை, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, நல்ல டார்ச்.

கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது மட்டும் கவனம். கடையில் முதலில் காட்டும் மலிவான மீட்டர் ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும். மிஷினின் செனான் வாயு பல்புக்குப் போவது டிசி. "டிசி ஆம்பியர் அளக்குமா?" என்று கேட்டு, கடையிலேயே ஒரு பேட்டரி லோடில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஆலன் கீ செட்டும் அப்படித்தான். அமெரிக்க, பிரிட்டிஷ் வடிவமைப்பை ஒட்டிய மிஷின்களில் இன்ச் அளவு ஸ்க்ரூ இருக்கும். மில்லிமீட்டர் சாவியை அதில் போட்டுத் திருகினால் ஸ்க்ரூ தலை தேய்ந்துவிடும். இரண்டு செட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாருக்கும் வேண்டாத பழைய டிரெய்லர் பிலிம் ஒரு ஐம்பது அடி. இதைவிடப் பயனுள்ள சோதனைக் கருவி இந்த அறையில் கிடையாது.

## திரையில் படம் மங்கலாக இருக்கிறது

திரை முழுவதும் ஒரே மாதிரி மங்கல்

முதலில் ஆபரேட்டர் அறையின் ஜன்னல் கண்ணாடி. மிஷினிலிருந்து கிளம்பும் எண்ணெய் ஆவி உள்பக்கம் படிகிறது, அரங்கின் தூசி வெளிப்பக்கம் படிகிறது. உள்பக்கத்தை எல்லோரும் துடைப்பார்கள், வெளிப்பக்கத்தை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஏணி வைத்து அதையும் துடையுங்கள். சுத்தமான சாதாரண கண்ணாடிகூட இரண்டு பக்கமும் சேர்ந்து 8 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சத்தம் வெளியே போகாமல் இருக்க இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் இழப்பு ஏறக்குறைய 15 சதவீதம். தடிமனான ஜன்னல் கண்ணாடியில் பச்சைச் சாயலும் இருக்கும். கண்ணாடி மாற்றும் எண்ணம் இருந்தால் ஒளிக்கென்றே பூச்சு கொடுத்த கண்ணாடிக்குச் செலவழியுங்கள். இந்த அறையில் நியாயமான செலவு என்று நான் நினைப்பது அதுதான்.

அடுத்தது லென்ஸின் பின்பக்கம். அதற்கும் அடுத்தது லாம்ப்ஹவுஸுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. மிஷின் முழுதாக ஆறிய பிறகு, ப்ளோயரால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். உள்ளே பல்பு மாட்டியிருக்கும்போது இந்த வேலையை முகத்தை முழுதாக மறைக்கும் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் செய்யக் கூடாது. செனான் பல்புக்குள் ஆறிய நிலையிலும் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் இருக்கிறது.

மூன்றும் சுத்தமாக இருந்தும் மங்கலா? அப்படியானால் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். 2 கிலோவாட் பல்பு பொதுவாக 70 முதல் 80 ஆம்பியர் வரை எடுக்கும். பல்பில் குறித்திருக்கும் அளவைவிட நன்றாகக் கீழே இருந்தால் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரின் செட்டிங்கோ, உள்ளே வரும் மின்சாரமோ காரணம். மிஷினில் இருக்கும் மீட்டரை நம்பாமல் கிளாம்ப் மீட்டரிலும் ஒருமுறை பாருங்கள். உப்புக்காற்றில் பழைய முள் மீட்டர்கள் சிக்கி நின்றுவிடும்.

கரண்ட் சரியாக இருந்து, பல்பின் கண்ணாடி கறுத்திருந்தால்தான் பல்புக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் வெளிச்சம், ஓரம் இருட்டு. அல்லது ஒரு பக்கம் மட்டும் இருட்டு

பல்பு இருக்கும் இடம் நகர்ந்திருக்கிறது. லாம்ப்ஹவுஸுக்கு வெளியே இருக்கும் திருகுகளை, பிலிம் போடாமல் வெறும் ஒளியில், கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பித் திரையைப் பாருங்கள். ஒவ்வொரு திருகும் முதலில் இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு லக்ஸ் மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. பிலிம் இல்லாமல் திரை நடுவில் 16 அடி-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 55 கேண்டெலா அளவு வெளிச்சம் திரும்ப வரவேண்டும் என்பது தொழிலில் ஏற்கப்பட்ட அளவு. அதை நேராக அளக்கும் கருவி விலை அதிகம். லக்ஸ் மீட்டர் திரையில் விழும் ஒளியைத்தான் அளக்கும். ஆனால் எல்லாம் சுத்தமாக இருக்கும் ஒரு நாளில் நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து நோட்டில் எழுதி வைத்துவிட்டால், அடுத்தமுறை மங்குகிறதா, மங்குவது போலத் தோன்றுகிறதா என்ற சந்தேகம் வராது.

## வெளிச்சம் துடிக்கிறது

முதலில் பல்புக்குப் போகும் தடித்த கேபிள்களின் நுனி. மிஷினை நிறுத்தி, மெயினை இறக்கி, ஆறிய பிறகு பாருங்கள். நுனி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். கடலூர் முதுநகர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் மழைக்காலம் முடிந்ததும் இதை வழக்கமாகவே செய்துவிடலாம்.

அது சரியாக இருந்தால், மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பேஸ் போனாலும் சில ரெக்டிஃபையர்கள் உறுமிக்கொண்டே ஓடும். வெளிச்சம் துடிக்கும், ஆம்பியர் இறங்கும். இதை அளக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பேஸும் வந்தும் துடித்தால் ரெக்டிஃபையருக்குள் ஒரு டயோடு போயிருக்கலாம், இல்லை பல்பின் முனை தேய்ந்து ஆர்க் (முனைகளுக்கு நடுவே எரியும் பொறி) அலையலாம். இது மெக்கானிக் வேலை.

பல்புக்குப் பதில் கார்பன் குச்சி எரியும் மிஷின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி: ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்த கார்பன் வெடித்து வெடித்துத்தான் எரியும். காட்சிக்கு முன் லாம்ப்ஹவுஸ் மேல் வைத்துக் காயவிடுங்கள்.

## பல்பு பற்றவே இல்லை

கதவு முழுதாக மூடியிருக்கிறதா? மூடாவிட்டால் பாதுகாப்பு ஸ்விட்ச் விடாது. ப்ளோயர் சுற்றுகிறதா? அதன் ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தாலும் காற்று போதாமல் ஸ்விட்ச் தடுத்துவிடும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டதும் மிஷின் பற்றிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டும் சரி என்றால் பட்டனை அழுத்திக் காதால் கேளுங்கள். பொறி வெடிக்கும் சத்தமே இல்லையென்றால் பொறியைக் கொடுக்கும் இக்னைட்டர் பக்கம் கோளாறு. சத்தம் வந்தும் பற்றவில்லையென்றால் ரெக்டிஃபையர் கொடுக்கும் வோல்டேஜ் குறைவு, அல்லது பல்பு முடிந்துவிட்டது. இரண்டிலும் இனி மெக்கானிக்தான். இக்னைட்டரில் பல்லாயிரம் வோல்ட் பாயும், அதைத் திறக்காதீர்கள். திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் பல்பின் முனைதான் தேயும்.

பல்பே வாங்க வேண்டியதாகிவிட்டால், பழைய பல்பில் அச்சடித்த எண்ணை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். வாட் ஒன்றாக இருந்தாலும் நீளமும் முனையின் வடிவமும் மாறும். உத்தரவாதம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், உங்கள் மிஷினின் மணி மீட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். மாற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தடித்த முனை பாசிட்டிவுக்குப் போக வேண்டும். மாற்றி மாட்டினால் புதுப் பல்பு அந்த நிமிடமே வீண். கண்ணாடியில் விரல் படவும் கூடாது.

காட்சி நடுவில் மின்சாரம் போனால் பல்பு சூடாக இருக்கும், ப்ளோயர் நின்றிருக்கும். கதவைத் திறக்க வேண்டாம். ஜெனரேட்டர் வந்ததும் ப்ளோயரை மட்டும் ஒரு பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

## படம் குதிக்கிறது அல்லது ஆடுகிறது

திடீரென்று, கடகட சத்தத்துடன்: லூப் (கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமில் விடும் வளைவு) போய்விட்டது. உடனே நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே சரிசெய்யப் பார்த்தால் பிலிமின் ஓட்டைகள் கிழியும். மோசமான ஒட்டோ, கிழிந்த ஓட்டையோ அந்த இடத்தில் இருந்திருக்கும். கையால் தடவிக் கண்டுபிடியுங்கள்.

மேலும் கீழுமாகச் சீராக நடுங்குகிறது: கேட்டைக் கழற்றிப் பாருங்கள். புதுப் பிரிண்ட் ஓட்டியிருந்தால் பளபளப்பான கட்டி படிந்திருக்கும். மூங்கில் குச்சியும் ஆல்கஹாலும் போதும். பிறகு அழுத்தத் தகட்டின் ஸ்ப்ரிங். இதை இறுக்கினால் நடுக்கம் நிற்கும் என்று இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. பிலிமும், அதை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல்லும்தான் அதற்கு விலை கொடுக்கும். படம் ஆடாமல் நிற்கும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம், பிலிமைப் பிரேம் பிரேமாக நிறுத்தி இழுக்கும் இன்டர்மிட்டன்ட் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள். டார்ச் அடித்துச் சின்னக் கண்ணாடியில் பாருங்கள். பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட் மாற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் அசைத்தால் தளதளவென்று ஆடினால் உள்ளே இருக்கும் இயக்கமே தேய்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர் வரும் வரை மிஷினை ஓட்ட வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் மிஷினுக்குச் சொன்ன எண்ணெய் மட்டும், எண்ணெய் மட்டம் தெரியும் கண்ணாடியில் உள்ள கோடு வரை மட்டும். துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பல்சக்கரத்தில் அடித்தால் இருக்கிற எண்ணெயும் கழுவிக்கொண்டு போய்விடும்.

பக்கவாட்டில் ஆடுகிறது: கேட்டின் மேலிருக்கும் பக்க ரோலர். ஸ்ப்ரிங் சோர்ந்திருக்கும் அல்லது ரோலர் இறுகியிருக்கும்.

வெள்ளை எழுத்துக்கு வால் முளைத்தது போலத் தெரிகிறது: பிலிம் நகரும்போது ஒளியை மறைக்கும் ஷட்டரின் நேரம் தவறியிருக்கிறது. சில மிஷின்களில் ஓடும்போதே திருப்பும் குமிழ் உண்டு. இல்லாவிட்டால் மெக்கானிக்.

## ஃபோகஸ் நிற்கவில்லை

ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கேட் சரியாக மூடவில்லை, அல்லது லென்ஸ் முழுதாக உட்காரவில்லை. ரீல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மொத்தமாக நகர்ந்தால் லென்ஸ் பிடி தளர்ந்திருக்கலாம், இல்லை சூட்டில் பிலிம் உப்பலாம். பிடியை இறுக்கியும் நகர்ந்தால் சூட்டைத் தடுக்கும் கண்ணாடியையும் ப்ளோயரையும் பாருங்கள்.

எப்படித் திருப்பினாலும் பால் ஊற்றியது போலவே இருந்தால் லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. இந்தக் கடற்கரையில் லென்ஸுக்கு எமன் அதுதான். வெளிக் கண்ணாடியில் என்றால் துடைக்கலாம். உள்ளே என்றால் லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வராமல் தடுக்க, ஓட்டாத நாட்களில் லென்ஸைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணி ரோஜா நிறமானால் வறுத்துக் காயவைத்து மறுபடி போடலாம்.

## சத்தத்தில் கோளாறு

சத்தமே இல்லை, அல்லது ரொம்பக் குறைவு

பிலிமின் ஒலித்தடத்தைப் படிக்க ஒளி கொடுக்கும் எக்சைட்டர் லாம்ப் எரிகிறதா? எரிந்தால், அதற்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள சின்ன லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். லாம்ப் முன் ஒரு விசிட்டிங் கார்டை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டொப் டொப்' என்று கேட்டால் அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை எல்லாம் சரி.

மற்ற பிரிண்டில் நன்றாகக் கேட்டு, 2000க்குப் பின் வந்த ஒரு பிரிண்டில் மட்டும் முனகலாக இருக்கிறதா? ஒலித்தடம் நீலச்சாயலாக இருக்கிறதா என்று பாருங்கள். சயான் சாயத்தில் அச்சான அந்தத் தடத்தைப் பழைய குண்டு பல்பால் சரியாகப் படிக்க முடியாது. சிவப்பு எல்இடி ரீடர் வேண்டும். அதைப் பொருத்துவது மெக்கானிக் வேலை. ஆம்ப்ளிஃபையரை மாற்றிப் பயனில்லை.

விடாமல் உறுமுகிறது

இங்கேதான் தேவையில்லாத செலவு அதிகம் நடக்கிறது. வரிசையாகப் பாருங்கள். எக்சைட்டர் லாம்ப்பை எரியவிட்டு, பிலிமை நிறுத்துங்கள்.

உறுமல் நின்றுவிட்டால் காரணம் பிலிம் போகும் வழி. பிலிம் பக்கவாட்டில் நகர்ந்து, ஒலித்தடத்துக்குப் பதில் ஓட்டைகளை ரீடர் படிக்கிறது. நொடிக்கு 24 பிரேம், பிரேமுக்கு 4 ஓட்டை, ஆக 96 ஹெர்ட்ஸில் உறுமும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் படத்தைப் படித்து 24 ஹெர்ட்ஸில் தடதடக்கும். பக்க ரோலரை நகர்த்தினால் தீர்ந்தது.

பிலிம் நின்றும் உறுமினால், கார்டால் ஒளியை மறையுங்கள். மறைத்ததும் நின்றால் எக்சைட்டர் லாம்ப்புக்கு வரும் டிசி சுத்தமாக இல்லை. அந்தச் சப்ளையில் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டியிருக்கும். மறைத்தும் நிற்கவில்லையென்றால் எர்த், வயர், ஆம்ப்ளிஃபையர், இந்த வரிசையில் பாருங்கள்.

பாட்டு இழுக்கிறது

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் என்றால் அதன் ஹெர்ட்ஸ் 50க்குக் கீழே இறங்கியிருக்கிறது. மிஷினில் கை வைக்க வேண்டாம், ஜெனரேட்டர்காரரைக் கூப்பிடுங்கள். எப்போதும் இழுத்தால் பெல்ட். பழைய பெல்ட்டில் அச்சடித்த எண்ணைக் கொண்டுபோனால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நேரு வீதிப் பக்கத்திலோ பெல்ட் கடையில் பெரும்பாலும் பொருத்தமானது கிடைத்துவிடும். குரல் அலைபோல ஏறி இறங்கினால் ஒலி படிக்கும் இடத்தில் பிலிம் சுற்றிப் போகும் சவுண்ட் டிரம்மின் பேரிங். கையால் சுற்றிவிட்டால் அது சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்ற வேண்டும்.

உதடும் குரலும் சேரவில்லை

ஒலி, அதற்குரிய படத்தைவிட 21 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். கீழ் லூப் பெரிதானால் குரல் பிந்தும், சின்னதானால் முந்தும். லூப்பைச் சரிசெய்துவிட்டு அரங்கின் நடுவில் நின்று கேளுங்கள். ஒரு பிரேம் ஓடும் நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர் தூரம்தான் போகிறது. ஆபரேட்டர் அறையின் மானிட்டர் ஸ்பீக்கரை வைத்து முடிவு செய்தால் பின்வரிசைக்குத் தப்பாகிவிடும்.

## படத்தில் கோடு விழுகிறது

கறுப்புக் கோடு என்றால் பிலிமின் முதுகுப்பக்கக் கீறல். பச்சை, மஞ்சள் அல்லது வெள்ளைக் கோடு என்றால் படம் பதிந்த எமல்ஷன் பக்கக் கீறல், அது இன்னும் ஆழம். கோடு ஏற்கெனவே பிரிண்டில் இருந்ததா, உங்கள் மிஷின் போட்டதா என்பதை அந்த டிரெய்லர் பிலிம் சொல்லிவிடும். அதை மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு ரோலர் இருக்கும் இடத்திலும் பிலிமில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு எந்தப் புள்ளியில் தொடங்குகிறதோ, அந்த ரோலர்தான் குற்றவாளி. பெரும்பாலும் சுற்றாமல் நிற்கும் ரோலராக இருக்கும்.

## பிலிம் அறுகிறது, ஒட்டு விடுகிறது

பிலிம் எந்தப் பொருளால் ஆனது என்று தெரிய, ரீலைப் பக்கவாட்டில் டார்ச் முன் பிடியுங்கள். ஒளி ஊடுருவித் தெரிந்தால் பாலியெஸ்டர், தெரியாவிட்டால் அசிட்டேட். பிலிம் சிமெண்ட் அசிட்டேட்டை மட்டும்தான் ஒட்டும். பாலியெஸ்டருக்கு டேப் ஒட்டுதான். பிலிமுக்கென்று வரும் டேப் வாங்குங்கள். வீட்டு செல்லோடேப்பின் பசை நம் வெயிலில் உருகி அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். ஸ்ப்ளைசர் வாங்குவதாக இருந்தால், இத்தாலியப் படத்தொகுப்பாளர் லியோ கட்டோஸோ வடிவமைத்த வகையைத் தேடுங்கள். ஒரே அழுத்தில் டேப்பை வெட்டி ஓட்டையும் போட்டுவிடும். பழையது வாங்கினால் ஓட்டை போடும் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒட்டு நன்றாக இருந்தும் அறுந்தால், ஓடிய பிலிமைச் சுற்றும் டேக்-அப் ரீலின் இழுப்பு அதிகம். கிளச்சைத் தளர்த்துங்கள். பாலியெஸ்டர் அறுபடாது என்று நிம்மதி வேண்டாம். சிக்கினால் பிலிமுக்குப் பதில் பல்சக்கரம் உடையும்.

## பெட்டியைத் திறந்தால் புளிப்பு வாசனை

அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊர்க் காற்று அதை வேகப்படுத்தும், வெளிவரும் அமிலம் இன்னும் வேகப்படுத்தும். அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து இன்றே பிரியுங்கள்.

ஓட்டலாமா என்று பார்க்க, புதுப் பிலிம் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் 100 ஓட்டை எண்ணுங்கள். புதியதில் அது 475 மி.மீ. வரும். பழையது ஒரு முழு ஓட்டை அளவு பின்தங்கினால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. அதை மிஷினில் ஏற்றக் கூடாது. ஸ்கேன் செய்யும் வசதியுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிம், பழுப்பாகப் பிசுபிசுத்தோ பொடிந்தோ இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீரிலும் அணையாது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கொளுத்தாதீர்கள், ஆபரேட்டர் அறையிலும் வைக்காதீர்கள். பெட்டியை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்துவிட்டு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.